காணாமல் போன இரவு அங்கி: ரோடு ஹில் வீட்டுக் கொலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1860-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு குழந்தைக் கொலை. ஐந்து வருடம் யார் செய்தது என்று நிரூபணம் ஆகவில்லை. அப்புறம் ஒரு இளம்பெண் தானாகக் கோர்ட்டுக்கு வந்து "நான்தான்" என்றாள். இந்த வழக்கை யாரிடம் சொன்னாலும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு முடிந்துவிட்டது, சரி. ஆனால் நடந்தது முழுசாக வெளியே வந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

வில்ட்ஷயர், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையில் ரோடு என்று ஒரு கிராமம். ஊர் பேரே அதுதான், சாலையைச் சொல்லவில்லை. (இப்போது ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள்.) அங்கே ரோடு ஹில் ஹவுஸ் என்ற மூன்றடுக்கு வீட்டில் சாமுவேல் கென்ட் குடும்பம் இருந்தது. அவர் தொழிற்சாலைகளைச் சோதனையிடும் அரசு அதிகாரி.

1860 ஜூன் 29, வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டில் பன்னிரண்டு பேர் படுத்தார்கள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆயா எலிசபெத் கஃப் கண்விழித்தபோது, அதே அறையில் தொட்டில்கட்டிலில் தூங்கிய கென்டின் மகன் சாவிலைக் காணோம். நாலு வயது நிறையாத பையன். அம்மா தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்து ஆயா மறுபடி படுத்துவிட்டாள். ஏழு மணிக்கு மேல் போய்க் கேட்டால், அம்மாவிடமும் இல்லை. கீழே வரவேற்பறை ஜன்னல் திறந்திருந்தது.

தேடக் கிளம்பிய ஊர்க்காரர்களில் செருப்புத் தைப்பவர் ஒருவரும் விவசாயி ஒருவரும் புதருக்குள் இருந்த தோட்டத்துக் கக்கூஸில் எட்டிப் பார்த்தார்கள். போர்வையோடு குழந்தையின் உடல், குழிக்குள் விழாமல் பலகையில் தடுத்து நின்றது. கழுத்து எலும்பு வரை அறுபட்டிருந்தது. மார்பில் ஒரு குத்துக் காயம்.

வீட்டில் யார் யார் இருந்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ரொம்பச் சிரமம் இருக்காது. மூத்தாள் பிள்ளைகள், இளையாள் பிள்ளைகள் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்த வீடு.

கென்டின் முதல் மனைவி மேரி ஆன். அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலேயே வீட்டு நிர்வாகம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த மேரி பிராட் கைக்குப் போய்விட்டது. 1852-ல் மூத்தவர் இறந்தார். மறு வருடமே கென்ட் அந்த ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். டீச்சர் சித்தியாகிவிட்டார்.

1860-ல் மூத்தாள் வயிற்றுப் பிள்ளைகளில் நான்கு பேர் வீட்டில் இருந்தார்கள். பெரிய பெண்கள் இருவர், பதினாறு வயது கான்ஸ்டன்ஸ், பதினான்கு வயது வில்லியம். சித்திக்கு மூன்று குழந்தைகள், அடுத்ததற்கு நிறைமாதம். படுக்கை ஏற்பாட்டைப் பார்த்தாலே வீட்டு நிலவரம் தெரியும். அப்பா, சித்தி, சித்தியின் குழந்தைகள், ஆயா எல்லாம் நடுமாடியில். மூத்தாள் பிள்ளைகள் மேல்மாடியில், சமையற்காரியும் வேலைக்காரியும் படுக்கும் அதே தளத்தில்.

வெளியாள் யாராவது வந்திருக்கலாமே?

ஜன்னலை உள்ளேயிருந்துதான் திறந்திருந்தார்கள். திருட்டு எதுவும் இல்லை. வந்தவர் இருட்டில் மாடியேறி, ஆயாவும் கைக்குழந்தையும் படுத்திருக்கும் அறைக்குள் புகுந்து, விரிப்புக்கும் மேல்போர்வைக்கும் நடுவிலிருந்து ஒரு கம்பளியை மட்டும் உருவி, படுக்கையைப் பழையபடி நீவிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் படுக்கையைத் தெரிந்தவர் செய்கிற வேலை அது.

உள்ளூர் போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

கேட்காதீர்கள். அன்று மாலையே சமையற்கட்டு அடுப்பின் கீழே திணித்து வைத்திருந்த ரத்தக்கறை படிந்த பெண்கள் உள்ளாடை ஒன்றைப் போலீஸ் கண்டெடுத்தது. மாதவிலக்குக் கறையாக இருக்கும் என்று சூப்பரின்டெண்டன்ட் ஃபோலிக்குக் கூச்சம். இருந்த இடத்திலேயே வைத்தார்கள். யாராவது எடுக்க வருகிறார்களா என்று பார்க்க அன்றிரவு இரண்டு போலீஸ்காரர்களைச் சமையற்கட்டில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரர் கென்ட் என்ன செய்தார் தெரியுமா? அவர்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டார். உள்ளாடை காணாமல் போனது. போலீஸ் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளரிடம்கூடச் சொல்லவில்லை. விஷயம் வெளியே வந்தது நவம்பரில்.

பூட்டியது ஏன் என்பதற்கு வீட்டுக்காரர் சொன்ன காரணம், வீடு வழக்கம்போல இருக்க வேண்டும், போலீஸ் இருப்பது வேலைக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்பது. எனக்கு அது ஒட்டவில்லை.

ஜாக் விச்சர் யார்?

லண்டன் கேம்பர்வெல்லில் பிறந்த தோட்டக்காரர் மகன். 1842-ல் ஸ்காட்லாந்து யார்டு துப்பறியும் பிரிவைத் தொடங்கியபோது அதில் இருந்த எட்டே பேரில் ஒருவர். அம்மைத் தழும்பு முகம், குள்ளமான, அலட்டல் இல்லாத மனிதர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அவரை நேரில் பார்த்துவிட்டு, எப்போதும் பெரிய மனக்கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி இருக்கிறார் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இந்த வழக்கில் அவர் போட்டதும் கணக்குதான், சலவைக் கணக்கு.

கொலை நடந்து பதினைந்து நாள் கழித்து, ஜூலை 15-ல் அவர் ரோடு கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் வீடு கழுவித் துடைத்தாகிவிட்டது.

இரவு அங்கி விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்களேன்.

வழக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

கான்ஸ்டன்ஸிடம் இருந்தவை மூன்று இரவு அங்கிகள். விச்சர் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னபோது இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எங்கே என்று கேட்டார். சலவையில் தொலைந்துவிட்டது என்றாள் கான்ஸ்டன்ஸ். கேட்டவுடன் சாதாரணமாகத்தான் தோன்றும். சலவைக்குப் போட்ட துணி தொலையாத வீடு ஏது?

கொலைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, ஜூலை 2. வழக்கம்போல அழுக்குத் துணிகளை எண்ணிக் கூடையில் போட வேண்டிய நாள். கான்ஸ்டன்ஸின் அக்கா சலவை நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். கான்ஸ்டன்ஸின் இரவு அங்கியும் நோட்டில் ஏறியது. வேலைக்காரி சாரா காக்ஸ் அதைக் கூடையில் போட்டதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அப்போது கான்ஸ்டன்ஸ் அந்த அறைக்கு வந்தாள். பாவாடைப் பையில் பர்ஸை விட்டுவிட்டேனா பார் என்றாள். காக்ஸ் கூடையைக் கிளறிப் பார்த்தாள், இல்லை. அப்புறம், எனக்குக் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வா என்றாள். காக்ஸ் கீழே போய்த் தண்ணீரோடு திரும்பி வந்தாள். ஆன நேரம் ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் கூடையும் கான்ஸ்டன்ஸும் மட்டும் தனியாக இருந்தார்கள்.

கூடை சலவைக்காரம்மா வீட்டுக்குப் போனது. கொலை நடந்த வீட்டுத் துணி ஆயிற்றே, அந்தம்மா வந்த கையோடு பிரித்து எண்ணினார். நோட்டில் இருந்த ஒரு இரவு அங்கி கூடையில் இல்லை.

இனி விச்சர் போட்ட கணக்கு. கொலை செய்தபோது உடுத்தியிருந்த அங்கியில் ரத்தம் பட்டிருக்கும். அதை அழித்தாக வேண்டும். அழித்தால் மூன்றில் ஒன்று குறையும், யாராவது கேட்பார்கள். அதனால், கொலைக்குப் பிறகு மாற்றிக்கொண்ட, கறையே படாத அங்கியைத் திங்கட்கிழமை சலவைக்குப் போட்டாள். நோட்டில் ஏறும்வரை பொறுத்தாள். தண்ணீர் கேட்டு வேலைக்காரியை அனுப்பிவிட்டு அதையே திரும்ப எடுத்துக்கொண்டாள். இப்போது வீட்டில் இரண்டு, நோட்டில் ஒன்று, ஆக மூன்று. கணக்கு நேராகிவிட்டது. பழி சலவைக்காரம்மா தலையில்.

தொலைந்ததாகச் சொன்ன அங்கி கறைபட்ட அங்கியே இல்லை என்பதுதான் இதில் சூட்சுமம். எல்லோரும் ரத்தக்கறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, சுத்தமான துணி ஒன்று ஏன் காணாமல் போக வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு கண்டுபிடித்தும் ஏன் விட்டுவிட்டார்கள்?

ஏனென்றால் கையில் எதுவும் இல்லை. "இல்லை" என்பதை எப்படிக் கோர்ட்டில் காட்டுவது? ஜூலை 20-ல் விச்சர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். ஜூலை 27-ல் ஊர் மண்டபத்தில் நீதிபதிகள் முன்னால் விசாரணை. சித்தியின் பிள்ளைகள் மீது அவளுக்குப் பொறாமை என்று பள்ளித் தோழிகள் விச்சரிடம் சொன்னதெல்லாம் அங்கே வலுவிழந்து போனது. அவளுடைய வக்கீல், ஒரு இளம்பெண்ணின் வாழ்க்கையை ஒரு துணியை வைத்துக் கெடுக்கப் பார்க்கிறார் இவர் என்று விச்சரைக் கிழித்துத் தொங்கவிட்டார். 200 பவுண்டு பிணையில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பத்திரிகைகள் விச்சர் மீது பாய்ந்தன. கீழ்த்தட்டிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரன் மரியாதைப்பட்ட வீட்டுக்குள் நுழைந்து பெண்ணின் உள்ளறைத் துணிகளை எண்ணுவதா என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. குழந்தையின் கழுத்தை அறுத்தது யார் என்பதைவிட, வீட்டு மானம் பெரிதாகிவிட்டது. இது இங்கிலாந்துக்கு மட்டும் உரியது என்று நான் சொல்ல மாட்டேன்.

கான்ஸ்டன்ஸ் தன் வாயால் சொன்னால் ஒழிய இந்த உண்மை வெளிவராது என்று அந்த ஆண்டே ஒரு கடிதத்தில் விச்சர் எழுதினார். 1864-ல் உடல்நிலையைக் காரணம் காட்டி வேலையைவிட்டுப் போனார்.

பழிவாங்கல் என்கிறார்கள். குழந்தை என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. குறி சித்தி மீது.

பின்னால் கான்ஸ்டன்ஸைச் சோதித்த மனநல மருத்துவர் பக்னில், அவள் சொன்னதைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். தன் தாயைப் பற்றியும் மூத்தாள் குடும்பத்தைப் பற்றியும் சித்தி இளக்காரமாகப் பேசிய வார்த்தைகள்தான் அவள் மனசில் தைத்து நின்றன. சிறுபிள்ளையாக இருந்தபோது இந்த ஆசிரியையோடு ரொம்ப ஒட்டுதலாக இருந்தவள் அவள். தன் தாயை ஓரங்கட்டி அந்த இடத்துக்கு வந்தவர் இவர்தான் என்பது வளர வளரப் புரிந்தபோது, அந்த ஒட்டுதலே வன்மமாகத் திரும்பியிருக்க வேண்டும். பையன் மீது தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, சித்தியின் பிள்ளை என்பதைத் தவிர, என்று அவள் சொன்னதாக அந்தக் கடிதம் சொல்கிறது. நான் படித்ததில் என்னை அதிகம் உறையவைத்த வரி அதுதான். தாய்க்கு வலிக்க வேண்டுமென்றால் தாயைத் தொட வேண்டியதில்லை என்பது பதினாறு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு முன்னோட்டம் ஒன்றும் உண்டு. 1856-ல், பன்னிரண்டு வயதில், அவள் தலைமுடியை வெட்டிக்கொண்டு ஆண்பிள்ளை உடை போட்டு, தம்பி வில்லியமைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினாள். கப்பலேறிவிடுவது திட்டம். பாத் நகரம் வரை நடந்துபோய் மாட்டிக்கொண்டார்கள். வெட்டிய முடியையும் தன் உடைகளையும் அவள் ஒளித்துவைத்த இடம் எது தெரியுமா? அதே தோட்டத்துக் கக்கூஸ்.

அப்பாவுக்கும் ஆயாவுக்கும் தொடர்பு என்று பேசினார்களாமே?

ஊரே பேசியது. இரவில் இருவரையும் குழந்தை ஒன்றாகப் பார்த்துவிட்டது, வாயை அடைக்கப்போய் உயிர் போனது என்பது கதை. டிக்கன்ஸும் இதைத்தான் நம்பினார். பழைய ஆசிரியையை மணந்தவர் புது ஆயாவை விடுவாரா என்கிற மாதிரியான ஊர்வாய். ஆயாவை செப்டம்பர் கடைசியில் கைது செய்து அக்டோபரில் விட்டுவிட்டார்கள். ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கென்ட் தெருவில் இறங்கினால் கூச்சல் போடுகிற நிலைமை வந்துவிட்டது. பின்னால் வரும் வாக்குமூலத்துக்கு இதுவும் ஒரு காரணம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடம் கழித்து ஏன் ஒப்புக்கொண்டாள்?

இங்கேதான் கதைக்குள் மதம் வருகிறது. விடுதலைக்குப் பிறகு அவளைப் பிரான்சில் தினான் ஊரில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1863-ல் பிரைட்டன் நகரில் செயின்ட் மேரீஸ் இல்லத்துக்கு வந்தாள். அதை நடத்தியவர் ஆர்தர் வாக்னர் என்ற பாதிரியார். இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்தான், ஆனால் தூபம், திருவுடை, பாவசங்கீர்த்தனம் என்று கத்தோலிக்கப் பழக்கங்களை மீட்டெடுக்க நினைத்த பிரிவைச் சேர்ந்தவர். அவளைப் போலவே அவருக்கும் விரோதிகள் ஜாஸ்தி.

அந்த இல்லத்தில் அவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. தினமும் ஜெபம், தினமும் மடியில் ஒரு குழந்தை. 1865-ல் தவக்காலம் வந்தது. அவளுக்கு அப்போதுதான் இருபத்தொரு வயது நிறைந்திருந்தது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள், ஏப்ரல் 25-ல், கருப்பு உடையும் முகத்திரையுமாக லண்டன் போ ஸ்ட்ரீட் கோர்ட்டில் வந்து நின்றாள். கூட வாக்னரும் இல்லத்துத் தலைமைச் சகோதரியும். கொலையைத் தானே, தனியாக, யார் உதவியும் இல்லாமல் செய்ததாக எழுதிக் கொடுத்தாள். முன்னாலும் பின்னாலும் யாருக்கும் தெரியாது என்றும் அதில் இருந்தது.

பாதிரியார் பாவசங்கீர்த்தன ரகசியத்தை உடைத்துவிட்டாரா?

இல்லை. அவள் தானாக வந்தாள், அவர் கூட வந்தார். பின்னால் டிரோபிரிட்ஜ் விசாரணையில் அவரைக் கூண்டில் ஏற்றி, அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது கடவுள் முன்னால் சொன்னது, அதைச் சொல்ல மாட்டேன் என்றார். கோர்ட்டில் சீறல் சத்தம். ஆனாலும் நீதிபதிகள் வற்புறுத்தவில்லை.

பிரச்சினை பார்லிமென்ட் வரை போனது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1603-ஆம் ஆண்டு விதிகளில் 113-ஆவது, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதிரியார் வெளியிடக் கூடாது என்கிறது. நாட்டுச் சட்டம் வக்கீலுக்குக் கொடுக்கிற பாதுகாப்பைப் பாதிரியாருக்குக் கொடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் வாக்னர். அவளைக் கட்டாயப்படுத்தி ஒப்புக்கொள்ள வைத்தார் என்றது ஒரு கூட்டம். குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தார் என்றது இன்னொரு கூட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சாத்தியம் என்று யாரும் கேட்கவில்லை.

விசாரணை எப்படி நடந்தது?

விசாரணை என்று சொல்ல ஒன்றும் இல்லை. 1865 ஜூலை 21, சாலிஸ்பரி. "குற்றவாளி" என்றாள். வேண்டுமென்றே, வன்மத்தோடு கொன்றதாகக் குற்றச்சாட்டு, புரிகிறதா என்று நீதிபதி வில்ஸ் திரும்பக் கேட்டார். புரிகிறது என்றாள். பாவம் தன்னுடையது மட்டுமே, சந்தேகத்தில் வதைபட்ட அப்பாவும் மற்றவர்களும் நிரபராதிகள் என்று அவள் சார்பில் வக்கீல் கோலரிட்ஜ் சொன்னார். மரண தண்டனையை வாசிக்கும்போது நீதிபதி அழுதுவிட்டார். குற்றம் நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயதுதான், அதுவும் தானாக ஒப்புக்கொண்டவள் என்பதால் சில நாட்களிலேயே தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

அந்த வாக்குமூலத்தை அப்படியே நம்பலாமா?

பாதி நம்பலாம் என்பது என் கட்சி.

அவள் சொன்னபடி: அப்பாவின் அலமாரியிலிருந்து சவரக்கத்தியைச் சில நாள் முன்பே எடுத்து வைத்தாள். மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் முன்கூட்டியே கக்கூஸில் தயார். நள்ளிரவில் குழந்தையை எடுத்து, வரவேற்பறை ஜன்னல் வழியாக இறங்கி, அங்கே வைத்து அறுத்தாள். ரத்தம் வரவே மாட்டேன் என்கிறதே என்று அப்போது தோன்றியதாம். அங்கியில் இரண்டே இரண்டு சொட்டுக் கறை. தண்ணீரில் அலசினாள், மறுபடி வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்தது, பிறகு எரித்தாள். சலவைக் கூடை விஷயத்தில் விச்சர் சொன்னது அச்சு அசலாகச் சரி.

ஒட்டாத இடங்களும் இருக்கின்றன. சவரக்கத்தியின் முனை மழுங்கல். அதை வைத்து மார்பில் அந்த மாதிரிக் குத்த முடியுமா? உதடு கறுத்திருந்தது, மூச்சுத் திணறடித்த அடையாளம் மாதிரி இருந்தது என்று உடலைப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கதையில் அது வரவில்லை. தூங்குகிற நாலு வயதுப் பையன் கனம் உங்களுக்குத் தெரியும். அவனை ஒரு கையில் தோளில் போட்டு, மறுகையால் படுக்கையைச் சரிசெய்து, படியிறங்கி, கனமான ஜன்னலைத் தூக்கி, அதன் வழியே வெளியேறி... ஒருத்தியே செய்தாளா? அடுப்புக்குக் கீழே கிடந்த உள்ளாடை யாருடையது என்பதும் அப்படியே நிற்கிறது.

கோர்ட்டில் சலவை நோட்டோடு வந்த போலீஸ்காரனை யாரும் நம்பவில்லை. பாதிரியாரோடு முகத்திரை போட்டு வந்தவளை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. கடவுளுக்குப் பயந்து சொல்கிறவள் பொய் சொல்வாளா என்று இருந்துவிட்டார்கள். தனக்காகப் பொய் சொல்ல மாட்டாள்தான். இன்னொருவருக்காக?

யாருக்காக? தம்பி வில்லியமைச் சொல்கிறீர்களா?

சந்தேகம் அங்கேதான் போகிறது. விச்சருக்கே, இருவரும் சேர்ந்து செய்திருக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. வீட்டைவிட்டு ஓடியது இருவரும், மேல்மாடியில் தனித்தனி அறை இருவருக்கும், சித்தியால் மட்டம் தட்டப்பட்டதும் இருவரும். கேட் சம்மர்ஸ்கேல் 2008-ல் இந்த வழக்கைப் பற்றி எழுதிய புத்தகமும் இந்தக் கோணத்தை எடுத்துப் பேசுகிறது. அவள் ஒப்புக்கொண்ட பிறகு வில்லியம் மீது யாரும் கண்ணைத் திருப்பவில்லை. கடல்வாழ் உயிரினங்களைப் படித்துப் பெரிய விஞ்ஞானியானார். ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பவளப்பாறைகளைப் பற்றி 1893-ல் அவர் எழுதிய படங்கள் நிறைந்த நூல் இன்றும் பேர்பெற்றது. 1908-ல் இறந்தார்.

நிரூபணம் கிடையாது. அதனால் சந்தேகம் என்பதோடு நிறுத்துகிறேன். "யார் உதவியும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல்" என்று அவள் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஜெயிலுக்குப் பிறகு என்ன ஆனாள்?

இருபது வருடம் சிறையில் இருந்தாள். 1885 ஜூலையில் வெளியே வந்தபோது வயது 41. மறு வருடம் தம்பி இருந்த ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். பெயர் ரூத் எமிலி கே என்று ஆனது.

இதற்கு மேல் "அவள்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மெல்போர்னில் நர்ஸ் பயிற்சி எடுத்தார். சிட்னியில் தொழுநோயாளிகளைக் கவனித்தார். பாரமட்டாவில் பெண்பிள்ளைகள் சீர்திருத்த இல்லத்தில் வேலை பார்த்தார். மெய்ட்லண்டில் நர்ஸ்கள் விடுதியை எண்பது வயது தாண்டியும் நடத்தினார். 1944 பிப்ரவரியில் நூறு வயது. அரசரிடமிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது. யாருக்கு வாழ்த்து அனுப்புகிறோம் என்று அரண்மனைக்குத் தெரியாது. ஏப்ரல் 10-ல் இறந்தார். அவர்தான் கான்ஸ்டன்ஸ் கென்ட் என்று உலகத்துக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து.

விச்சருக்கு மரியாதை திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது, தாமதமாக. அவர் சொன்னது சரி என்று பத்திரிகைகள் எழுதின. வேலை போய்விட்டதே! தனியார் துப்பறிவாளராகச் சில வருடம் இருந்தார், அந்தக் காலத்தில் நாட்டையே கலக்கிய டிச்போர்ன் ஆள்மாறாட்ட வழக்கில் வேலை செய்தார். 1881-ல் காலமானார்.

துப்பறியும் நாவல்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1868-ல் வில்கி காலின்ஸ் எழுதிய துப்பறியும் நாவலில் கறைபட்ட இரவு அங்கியும் சலவை நோட்டும் லண்டனிலிருந்து வரும் துப்பறிவாளரும் இருக்கிறார்கள். கொலைக்குப் பதில் வைரம், ரத்தத்துக்குப் பதில் பெயின்ட். பெரிய வீடு, பூட்டிய கதவு, உள்ளே இருக்கும் ஒருவர்தான் செய்தார் என்கிற கதைகளை இன்றும் வாசிக்கிறோமே, அவற்றில் பலவற்றுக்கு இந்த வீடு தூரத்துப் பாட்டி.

அந்த வீடு இன்னும் இருக்கிறதா? குழந்தையை எங்கே அடக்கம் செய்தார்கள்?

வீடு இருக்கிறது, லாங்ஹாம் ஹவுஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

சாவிலை ஊரிலேயே புதைக்கவில்லை. சில மைல் தள்ளி, குடும்பம் முன்பு வசித்த ஈஸ்ட் கோல்ஸ்டன் என்ற ஊரின் சர்ச் வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கென்டுக்கு ஏற்கெனவே ஒரு கல்லறை இருந்தது. முதல் மனைவி மேரி ஆனுடையது. யாருக்காக இந்தப் பழி தீர்க்கப்பட்டதோ, அந்தத் தாயின் பக்கத்திலேயே சித்தியின் பிள்ளை படுத்திருக்கிறான். கல்லில் பையனின் பெயர், வயது மூன்று வருடம் பத்து மாதம், கொடூரமாகக் கொல்லப்பட்டான் என்ற வாசகம். அதன் கீழே சங்கீதம் 44-லிருந்து ஒரு வசனம். கொலையாளி யாரென்று தெரியாத அந்த வருடங்களில் வெட்டியது: "தேவன் அதை ஆராய்ந்து விசாரியாதிருப்பாரோ? இருதயத்தின் அந்தரங்கங்களை அவர் அறிந்திருக்கிறாரே."